காசியில் சோற்றை விட்டவள்

அம்மிணி, நீங்க இங்கிலீஷ் எழுதுவீங்கல்லங்க? இந்தக் காயிதத்த சித்த நெரப்பிக் குடுங்க. கண்ணாடிய அவசரத்துல ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன். கண்ணாடி இருந்தாலும் எனக்குத் தமிழ் மட்டுந்தான் ஓடும். அந்த நர்ஸ் புள்ளகிட்டக் கேட்டேன். எதுக்கும்மா, ஏம்மா, உங்க மாப்பிள்ள வரட்டும்மான்னு நூறு கேள்வி கேக்கறா. பெத்தவ குத்துக்கல்லாட்ட உக்காந்திருக்கறேன், மாப்பிள்ள எதுக்குங்க வரோணும்?

எம் புள்ள பேரு தாரணி. வயசு இருபத்தேழு. அப்பா பேரு சென்னியப்பன், காலமாயிட்டாருன்னு போட்டுக்குங்க. எம் பேரு கோதை, அம்மான்னு எழுதுங்க. கீழ, எங்க சொந்தப் பொறுப்புல கூட்டிட்டுப் போறோம், பின்னால என்ன ஆனாலும் ஆஸ்பத்திரி மேல பழி கெடையாதுன்னு இருக்குதாமா. அதுக்கடியில நான் கையெழுத்துப் போட்டுருவேன்.

உங்கள மூணு நாளாப் பாத்துட்டுத்தான் இருக்கறேன். உள்ள வார்டுல எங்களுக்கு எதிர்க் கட்டல்ல இருக்கறது உங்கப்பாதானுங்களே? ஒரு பக்கம் கை வரலைன்னு கூட்டியாந்தீங்க. நேத்து வெரலு அசைஞ்சுதுன்னு நீங்க அழுதீங்க, உங்களப் பாத்து நானும் அழுதேன். அந்த உரிமையிலதான் கேக்கறேன், இல்லாட்டி யாரோ எவரோ. அட, பேனாவ மூடிட்டீங்களே. எழுதுங்க.

எதுக்குக் கூட்டிட்டுப் போறீங்கன்னு நீங்களும் ஆரம்பிச்சுட்டீங்களா. பதினொன்னரைக்கு அவளுக்கு வாய் வழியாக் கேமராக் கொழாய உட்டு வயித்தப் பாக்கறாங்களாமா. அதுக்கு முன்னால நான் கெளம்பியாவோணும். மாப்பிள்ள கீழ மருந்து வாங்கற எடத்துல வரிசையில நிக்கறாரு. சம்மந்தியம்மா இட்லி சாப்புடப் போயிருக்கறாங்க. இத உட்டா எனக்கு வேற நேரங் கெடைக்காது. வெளிய டாக்ஸிக்காரன நிக்க வெச்சிருக்கறேன். பாலக்காட்டுப் பக்கம் ஒரு வைத்தியர் எண்ணெயத் தேச்சே நடக்க வெச்சுருவாராமா. அங்க போயிட்டா யாரும் வயித்துக்குள்ள பாக்க மாட்டாங்க.

பாத்தா என்னங்கறீங்களா. பாத்தாத் தெரிஞ்சுருமுங்க. இப்பிடிக் கிட்ட வாங்க. எம் புள்ளைக்கு எரப்பைய வெட்டி எடுத்திருக்குது. கத்தாதீங்க அம்மிணி, அக்கம்பக்கம் கேக்கப்போவுது. சீக்குக்கு இல்லீங்க, ஒடம்பு எளைக்கறதுக்கு. உள்ள பையாட்ட இருக்கறதுல முக்காவாசிக்கு மேல வெட்டி வெளிய போட்டுட்டு, வாழைக்காயாட்ட ஒரு துண்ட மட்டும் உட்டுத் தெச்சுருவாங்க. நாலு வாய் தின்னா ரொம்பிக்கும். போன ஆடியில பண்ணுனது. அது அவ புருசனுக்குத் தெரியாது, மாமியாளுக்குத் தெரியாது, எங்க சொந்தபந்தம் ஒறம்பரையில ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. எனக்கும் அவளுக்குந்தான். இப்ப உங்களுக்கு.

என்னையப் பேராசைக்காரின்னு நெனச்சுராதீங்க. கண்ணாலத்துக்காகப் பண்ணல. அவ ஒடம்புக்காகத்தான் பண்ணுனேன். எங்க ஊட்டுக்காரரு அம்பத்தி நாலு வயசுல பொட்டுனு போயிட்டாரு, நெஞ்சு வலி. அவருக்கும் பெருத்த ஒடம்பு. எம் புள்ள அப்பிடியே அப்பன உரிச்சு வெச்சவ. நூத்திப் பதினெட்டுக் கிலோ. சர்க்கரை வேற எட்டிப் பாத்துருச்சு. எனக்கு அவள உட்டா யாருங்க இருக்கறா? அந்த பயத்துலதான் கூட்டிட்டுப் போனேன். கண்ணாலங்கறது அதுக்கப்பறம்.

பதினோரு எடம் தட்டிப்போச்சுங்க. ஜாதகமெல்லாம் பத்துக்குப் பத்து பொருந்தும், நேர்ல வந்து பாத்துட்டுப் போயி போன எடுக்க மாட்டாங்க. சத்தியமங்கலத்துல இருந்து ஒரு கும்பலு வந்துது. நான் போட்ட போண்டாவ ஒண்ணு மிச்சமில்லாமத் தின்னுபோட்டு, பொண்ணு இந்த வாசப்படியில நேரா வருமா சாஞ்சு வருமான்னு கேட்டுச் சிரிச்சாங்க. அவ உள்ள காப்பித் தட்டோட நிக்கறா. அப்பறமும் வந்து குடுத்தாளுங்க. அன்னிக்குப் பொழுதோட என்ர மடியில படுத்துக்கிட்டு, அம்மா எனக்கு கண்ணாலமே வேண்டாம், பள்ளிக்கூடத்துக்குப் போறேன், புள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லித் தர்றேன், எனக்கு அது போதும்னா. புள்ளைங்க அப்பிடி சொல்றதுதானுங்க. அதையெல்லாம் நெசம்னு எடுத்துக்கறதா?

எங்க ஊட்டு முன்னாலதான் மாவு மில்லு. அவரு போனதுல இருந்து நாந்தான் ஓட்டறேன். ஊரே அங்க வந்துதான் கம்பும் மொளகாயும் அரைக்கும். அரைக்கற நேரத்துல ஊர்ல ஒருத்தர் உடாம அரைபடுவாங்க. அங்க போயி, எம் பொண்ணு வயித்த வெட்டிக்கிட்டு வந்திருக்கறான்னு சொன்னா பொழைக்க முடியுமாங்க? புள்ளப் பேறு வருமான்னு கேப்பாங்க. பணத்தக் குடுத்து எளைச்சவன்னு பேரு வெப்பாங்க. அதனால, அவரு திதிய ஒட்டிக் காசிக்குப் போறோம்னு சொல்லிட்டேன். பத்து நாளு. ஆஸ்பத்திரியில இருந்துட்டு, பொறகு ஒரு லாட்ஜுல இருந்துட்டு வந்தோம். இதே கோயமுத்தூருதான், ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. வர்றப்ப பூசைச் சாமான் கடையில சீலு வெச்ச கங்கைத் தண்ணிச் செம்பு நாப்பது வாங்கினேன். காசிக் கயிறு, அன்னபூரணி படம். ஊடு ஊடாக் கொண்டுபோயிக் குடுத்தேன். யாருக்கும் ஒரு சந்தேகம் வரல.

ஒண்ண மட்டும் மறந்துட்டேன். காசிக்குப் போனா புடிச்ச பண்டத்த உட்டுட்டு வரோணுமல்லங்க. என்ன உட்டீங்கன்னு என்ர நங்கையா, எங்க ஊட்டுக்காரரோட அக்கா, கேட்டா. நான் கொய்யாக்காய உட்டேன்னு வாயில வந்ததச் சொன்னேன். புள்ள என்ன உட்டான்னா. அவ அப்ப ஒரு ஓரமா உக்காந்து ஒரு டம்ளர் மோரக் கால் மணி நேரமாக் குடிச்சுட்டு இருக்கறா. என்ர வாயில தானா வந்துதுங்க, அவ சோத்தையே உட்டுட்டு வந்துட்டான்னு. அப்பனுக்காகச் சோத்த உட்ட புள்ளைன்னு என்ர நங்கையா அவளத் தொட்டுக் கும்பிட்டா. அதுக்கப்பறம் ஏன் திங்கறதில்ல, ஏன் எளைச்சுட்டான்னு ஒரு நாயி கேக்கல. அந்த வார்த்தைய சாமிதான் என்ர நாக்குல கொண்டாந்து வெச்சுதுன்னு நெனச்சேன். நானும் இன்னிக்கு வரைக்கும் கொய்யாக்கா திங்கறதில்லீங்க. போவாத காசிதான், ஆனாலும் சாமி விசயத்துல வெளையாடக் கூடாது.

மாசம் ஆறு ஏழு கிலோ எறங்குச்சு. முகமெல்லாம் எலும்பு தெரிஞ்சு அழகா வந்துட்டா. காசியில சோத்த உட்ட புள்ளைன்னு காங்கயம் வரைக்கும் பேரு போயிருச்சு. அந்தப் பேரக் கேட்டுத்தானுங்க சம்மந்தியம்மா எங்க ஊட்டு வாசல்ல வந்து நின்னாங்க. மரகதம்னு பேரு, நீங்க பாத்திருப்பீங்க, பெரிய பொட்டு வெச்சிருப்பாங்க. தேங்கா எண்ணெ மில்லு, தோப்பு, ஒரே பையன். நகை எவ்வளவுன்னு கேக்கல, சீரு என்னன்னு கேக்கல. இந்தக் காலத்துல இப்பிடி ஒரு வைராக்கியமான பொண்ணு எங்க ஊட்டுக்கு வரோணும்னாங்க. பதினோரு பேரு காறித் துப்பிட்டுப் போன எடத்துல ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டு நின்னா, என்ன பண்ணுவீங்க அம்மிணி? நெசத்தச் சொல்லி அனுப்பிச்சிருப்பீங்களா?

ஆபரேசன் பண்ணுன பெரிய டாக்டரு, கண்ணாலத்துக்கு ஒரு வருசமாச்சும் போவட்டும், ஒடம்பு நெலைக்கட்டும்னாரு. குரு பலன் மாசியோட முடியுதுங்கறாரு ஜோசியரு. டாக்டரு நாலு வருசங் கழிச்சும் இருப்பாரு, குரு இருக்குமா? மாசியிலயே முடிச்சுட்டேன். தாரணி மட்டும் கெடந்து அனத்துனா. அம்மா, அவருகிட்ட மட்டுமாச்சும் சொல்லிர்றேன், நல்லவராத் தெரியறாரு, ஒண்ணும் சொல்ல மாட்டாருன்னா. அவரு நல்லவருதான், இல்லைங்கல. நல்லவருக்கும் ஒரு அம்மா இருக்கறாளே. அவங்கப்பா போட்டோவுல கைய வெக்கச் சொல்லி, எங்கம்மா சொல்லாம நான் இத யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டேன். புள்ளைக்கு அப்பன் மேல உசுரு. மீறவே மாட்டா.

அப்பறம் அந்த மாத்திர. தினம் அஞ்சு மாத்திர, ஆயுசுக்கும் போடோணும்னு குடுத்திருந்தாங்க. சத்து மாத்திரதான், சீக்கு மாத்திர இல்ல. பொட்டி கட்டறப்பப் பாத்தா சேலைக்கு நடுவுல டப்பா டப்பாவா அடுக்கி வெச்சிருக்கறா. புதுப்பொண்ணு மாத்திர டப்பாவோட போனா மாமியாக்காரி என்ன நெனப்பா? எடுத்து பீரோவுல வெச்சுட்டேன். வளைகாப்புக்கு வர்றப்பப் போட்டுக்கலாம் கண்ணுன்னேன். சிரிச்சா. அந்த ஆஸ்பத்திரியில இருந்து ஒரு பொண்ணு மாசம் ஒருக்கா போன் பண்ணுவா, என்ன சாப்புடறாங்க, ரத்தம் டெஸ்ட் பண்ணீங்களான்னு. மில்லுல நாலு பேரு நிக்கறப்பப் பண்ணுனா. ராங் நம்பர்னு வெச்சுட்டேன். ரெண்டு தடவ வெச்சேன், அப்பறம் வரல.

கண்ணாலத்துக்கு மறுநாளு புடிச்சு விருந்து. மாப்பிள்ள ஒறம்பரையில பதினெட்டு ஊடு. பொண்ணு சோறுதானே திங்காது, மத்ததெல்லாம் திங்குமல்லன்னு அவிங்க போட்டி போட்டு சமைச்சிருக்கறாங்க. எலை நெறையாப் பணியாரம், கறி, கொழுக்கட்ட, இடியாப்பம். ஒவ்வொரு ஊட்டுலயும் பக்கத்துல நின்னு, இன்னொண்ணு சாமி, இன்னொண்ணு சாமின்னு வெக்கறாங்க. அன்புதானுங்க, குத்தஞ் சொல்ல முடியாது. இவ தின்னுட்டு ஊட்டுக்குப் பின்னால பொடக்காளிக்குப் போயி வாந்தியெடுத்துட்டு, மொகத்தக் கழுவிட்டு வந்து அடுத்த ஊட்டுக்குப் போவா. பொறகு விருந்து முடிஞ்சும் வாந்தி நிக்கல. தண்ணி குடிச்சாலும் வந்துது. சம்மந்தியம்மாளுக்கு வாயெல்லாம் பல்லு. நாள் தள்ளியிருக்குதுன்னு நெனச்சுட்டாங்க. கடையில அட்டை வாங்கிப் பாத்து இல்லைன்னு வந்துது. அட்டைய யாரு நம்புவா, நாப்பத்தஞ்சு நாளு போவட்டும்னாங்க. எனக்குப் போன் பண்ணி வாழ்த்துச் சொன்னாங்க. நானும் சந்தோசமாத்தான் கேட்டுட்டு இருந்தேன்.

தாரணி தனியாக் கூப்புட்டா. அம்மா, ஒரு வெளக்கு ரெண்டு வெளக்காத் தெரியுது, நடந்தா செவுத்தப் புடிக்க வேண்டியிருக்குது, இங்கத்த டாக்டர்கிட்டச் சொல்லட்டுமான்னா. பொறு, நான் வந்து பாத்துக்கறேன், வாயத் தொறக்காதேன்னேன். நான் போறதுக்கு ரெண்டு நாளாச்சு. பங்குனி நோம்பி, மில்லுல மொளகா மலையாட்டக் குமிஞ்சு கெடந்துது. போயிப் பாக்கறேன், உள்ளூரு நர்ஸிங் ஹோமுல படுக்க வெச்சுக் குளுக்கோஸ் ஏத்தறாங்க. ஏத்த ஏத்த அவ மங்கிட்டே போறா. நாலு நாளு ஏத்தினாங்க. இங்கத்த டாக்டரு அதக் கேட்டுட்டுத் தலையில கை வெச்சுக்கிட்டாரு. அந்தச் சத்தக் குடுக்காமக் குளுக்கோஸ் ஏத்துனா இன்னும் மோசமாயிருமாமா. அங்க இருந்த டாக்டருக்கு என்னங்க தெரியும், சொன்னாத்தான தெரியும்.

ஆமாங்க, சொல்லாதவ நாந்தான். நீங்க அப்பிடிப் பாக்க வேண்டாம்.

இங்க வந்து மண்டைய ஸ்கேன் எடுத்தாங்க. வைட்டமின்ல பி ஒண்ணுன்னு ஒண்ணு இருக்குதாமா, அது ஒடம்புல துளி இல்லாம வத்திப்போயி மூளையத் தாக்கிருச்சாமா. தவுட்டுல இருக்கற சத்துங்க அது, மாடு திங்குது. டாக்டரு எங்க மூணு பேரையும் உக்கார வெச்சுச் சொன்னாரு, இது குடிக்கறவிங்களுக்கு வரும், மாசக்கணக்காப் பட்டினி கெடந்தவிங்களுக்கு வரும், இல்லாட்டி எரப்பையில ஆபரேசன் பண்ணுனவிங்களுக்கு வரும், இதுல எதுன்னு. சம்மந்தியம்மா முந்திக்கிட்டாங்க. எங்க மருமவ காசியில சோத்த உட்டவ டாக்டருன்னாங்க, அப்பிடியொரு பெருமையோட. அவரு தலையில அடிச்சுக்காத கொறையா எழுதிக்கிட்டாரு. நான் வாயத் தொறக்கல. தொறக்க வேண்டிய நேரம் அதுதானுங்க. அது ஒரு நிமிசம் வந்துட்டுப் போயிருச்சு.

ஊசி போடறாங்க, கண்ணு கொஞ்சம் தேவல. நடை வரல. ஞாபகந்தான் சுத்தமாப் போச்சு. பழசெல்லாம் இருக்குது, போன வருசத்துக்கு இந்தப் பக்கம் ஒண்ணுமில்ல. திரும்பி வருமான்னு கேட்டேன், செல பேருக்கு வரும், செல பேருக்கு வராது, இப்பச் சொல்ல முடியாதுன்னாரு. வாந்தி ஏன் நிக்கலைன்னு அவருக்குப் புரியல. அதுக்குத்தான் கேமரா. நேத்து வயித்துல இருக்கற தழும்பப் பாத்துட்டுக் கூப்புட்டுக் கேட்டாரு. கொடல்வாலு எடுத்ததுன்னேன். மாப்பிள்ளைகிட்டயும் அப்பிடித்தான் சொல்லி வெச்சிருக்குது. கொடல்வாலுக்கு எதுக்கும்மா அஞ்சு ஓட்டைன்னாரு. சின்ன ஊரு டாக்டருங்க, அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்னேன். அவரு நம்பல. வேற ஏதாச்சும் பண்ணியிருந்தா இப்பவே சொல்லிருங்கம்மா, தெரியாமக் கொழாய உட்டா ஓட்டை விழுந்தாலும் விழும், அவ இருக்கற நெலைமையில தாங்க மாட்டான்னாரு. மாப்பிள்ள பக்கத்துலயே நிக்கறாரு. ஒண்ணுமில்லீங்கன்னுட்டேன்.

அதனாலதானுங்க கூட்டிட்டுப் போறேன். கொழாயும் வேண்டாம், ஓட்டையும் வேண்டாம். புள்ளையக் கொல்லப் பாக்கறேன்னு நெனக்கறீங்களா? காப்பாத்தத்தான் பாக்கறேன். உங்களுக்குச் சொல்றதுக்கென்ன அம்மிணி, சொல்லிருங்க சொல்லிருங்கன்னு லேசாச் சொல்லிப்போட்டீங்க. உங்கப்பா வெரலு அசைஞ்சுருச்சு, நீங்க நாளைக்கு ஊட்டுக்குப் போயிருவீங்க. நாஞ் சொன்னா என்ன ஆவும்? ஏமாத்திக் கட்டி வெச்சுட்டான்னு சம்மந்தியம்மா இங்கயே வெச்சுட்டுப் போயிருவாங்க. நடக்க மாட்டாதவள, புருசனையே மறந்தவள, தாலியும் இல்லாம நான் கூட்டிட்டுப் போயி அந்த மில்லுக்குப் பின்னால வெச்சுப் பாக்கோணும். பாக்கறேன், எனக்கென்ன. நான் இருக்கற வரைக்கும் பாக்கறேன். எனக்கப்பறம் அவளத் தூக்கி உக்கார வெக்கறதுக்கு யாருங்க இருக்கறா? அதுக்குத்தான் ஒரு புருசன் வேணுங்கறேன். வேற எதுக்குமில்ல.

அந்தப் பையன் நல்லவனுங்க. சிபின்னு பேரு. மூணு நாளாக் கண்ணு மூடல. அவளுக்கு மூத்தரப் பையக் கூட அவருதான் புடிக்கறாரு. அவ அவரப் பாத்து, யாரும்மா இவரு, பாவம் எந்நேரமும் நின்னுக்கிட்டே இருக்கறாருன்னு எங்கிட்டக் கேக்கறா. அவரு அந்தப் பக்கம் திரும்பிட்டாரு.

நேத்துப் பொழுதோட நடந்ததச் சொல்றேன், இத யாருகிட்டயாச்சும் சொல்லாட்டி எனக்கு நெஞ்சு வெடிச்சுரும். சம்மந்தியம்மா அவளுக்குத் தலை சீவிட்டு இருக்கறாங்க. மாப்பிள்ள கால் புடிச்சுட்டு இருக்கறாரு. திடீர்னு எம் மொகத்தப் பாத்து, தெளிவா, நல்லா இருக்கறப்பப் பேசறாப்பலயே கேட்டா.

"அம்மா, ஆபரேசன் எப்பம்மா? எனக்கு பயமா இருக்குதும்மா. வேண்டாம்னு சொல்லிரலாமா?"

அவ போன ஆடியில இருக்கறாளுங்க. இன்னும் வெட்டல, நாளைக்குத்தான் வெட்டப்போறாங்கன்னு நெனச்சுக்கிட்டு இருக்கறா. அன்னிக்கும் இதே வார்த்தையத்தான் சொன்னா. அப்ப நான் அவளத் திட்டித் தள்ளிட்டுப் போனேன். நேத்து சம்மந்தியம்மா சீப்ப வெச்சுட்டு அவ கன்னத்தத் தடவி, "ஆபரேசனெல்லாம் ஒண்ணும் வேண்டாஞ் சாமி, யாரும் உன்னைய ஒண்ணும் பண்ண மாட்டாங்க"ன்னாங்க. என்னையப் பாத்து, பாவம், புள்ள என்னென்னமோ பெனாத்துதுங்கன்னாங்க. ஆமாங்க, பெனாத்தறான்னு நானுஞ் சொன்னேன்.

அப்ப நான் என்ன நெனச்சேன் தெரியுங்களா? நல்லவேளைடா சாமி, இனி இவளே சொன்னாலும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்கன்னு நெனச்சேன். புத்தி கலங்குனதும் ஒரு வகைக்கு நல்லதுதான்னு நெனச்சேன். பெத்தவ நெனக்கற நெனப்பாங்க அது? ராத்திரி பூராவும் அதே நெனப்புத்தான். என்னையவே எனக்குப் பாக்கப் புடிக்கல. இருந்தாலும் காலையில எந்திரிச்சு இந்தக் காயிதத்தத்தான் வாங்கியாந்தேன். வேற வழி தெரியல. சொன்னாலும் அவ வாழ்க்க போவுது, சொல்லாட்டியும் போவுது. எந்தப் பக்கம் திரும்புனாலும் நாங் கட்டுன செவுருதான் நிக்குது.

எழுத மாட்டேங்கறீங்களா? நல்லாருக்குதுங்க. இவ்வளவு நேரம் கதை கேட்டுட்டு இப்பக் காயிதத்தத் திருப்பித் தர்றீங்க. சரி உடுங்க, டாக்ஸிக்காரனையே எழுதச் சொல்லிக்கறேன். எல்லாரும் சாட்சிக்கு வருவீங்க, ஒத்தாசைக்கு ஒருத்தரும் வர மாட்டீங்க.

இருங்க. அது யாரு, அந்த வண்டியில? எம் புள்ளையாட்டத் தெரியுதே. மணி பதினொன்னு கூட ஆவலையே, இப்பவே எதுக்குத் தள்ளிட்டு வர்றாங்க? ஏப்பா, எங்க கூட்டிட்டுப் போறீங்க? பதினொன்னரைன்னுதான சொன்னாங்க. முந்தின ஆளு வரலையாமா, அதனால இவளக் கூப்புட்டுட்டாங்களாமா. மாப்பிள்ளையும் வந்துட்டாரே. எப்ப வந்தாரு? கையப் புடிச்சுக்கிட்டே வர்றாரு பாருங்க.

என்ன கண்ணு? அம்மா இங்கதான் இருக்கறேன். ஒண்ணுமில்ல, சும்மா பாத்துட்டு அனுப்பிச்சுருவாங்க. போயிட்டு வா. நீங்க போங்க மாப்பிள்ள, நான் பின்னால வர்றேன்.

சிரிச்சுட்டுப் போறா. பாத்தீங்களா அம்மிணி, என்னையப் பாத்துச் சிரிச்சுட்டுப் போறா.

அம்மிணி, எங் கைய உதறாதீங்க. கேளுங்க. நீங்க போயிச் சொல்லிருங்க. என்னால முடியாது. மாப்பிள்ள மொகத்துக்கு முன்னால நின்னா என்ர நாக்கு பொரளாது. அவரு அந்தப் பெரிய கதவுகிட்ட வரைக்குந்தான் போவாரு, உள்ள உட மாட்டாங்க. நீங்க இந்தப் பக்கமா ஓடிப் போயி டாக்டரப் புடிச்சுருங்க. போன ஆடி பன்னெண்டாந் தேதி எரப்பைய வெட்டியிருக்குது, நூத்துல எம்பது பங்கு எடுத்துட்டாங்க, ஒரு கொழாயாட்டந்தான் மிச்சம் உட்டிருக்குது, மாத்திர கண்ணாலத்துல இருந்து போடலைன்னு சொல்லுங்க. மாத்திரய அவ நிறுத்தல, அம்மாக்காரி எடுத்து வெச்சுட்டான்னு சொல்லுங்க. எப்பிடித் தெரியும்னு கேப்பாங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. இல்ல, சொல்லிக்குங்க. எப்பிடியாச்சும் சொல்லுங்க, கொழாய உடறதுக்கு முன்னால சொல்லுங்க. நான் இங்கயே உக்காந்திருக்கறேன்.

வலது பக்கந்தாங்க, அந்த லிப்ட்ட ஒட்டி. கதவு சாத்திட்டா தட்டுங்க, உடாமத் தட்டுங்க.

அய்யோ, ஏனம்மிணி நடக்கறீங்க. ஓடுங்க.